செக்கிங் செல்வநாதனின் மூன்று டிஸ்க்குகள்

வரதராஜன்பேட்டையில் வந்து இறங்கி "செல்வநாதன் வீடு எது?" என்று கேட்டால் நாலு வீட்டைக் காட்டுவார்கள். "செக்கிங் செல்வநாதன்" என்று கேட்டால் ஒரே வீடுதான். கூடவே "பாத்துப் பேசுங்க" என்று ஒரு எச்சரிக்கையும் இலவசமாகக் கிடைக்கும். மனுஷன் இருபத்தாறு வருஷம் பஸ் பஸ்ஸாக ஏறி டிக்கெட் பரிசோதித்தவர். வேலையிலிருந்து ஓய்வு பெற்று நாலு வருஷமாகியும் புத்தி மட்டும் ஓய்வு பெறவில்லை. ஊற்றிவிட்டுப் போன பாலை முகர்ந்து பார்ப்பார். ஊறுகாய் ஜாடியில் பென்சிலால் கோடு போட்டு வைப்பார். கேஸ் சிலிண்டர் வந்தால் எடை மெஷினில் ஏற்றி நிறுத்துப் பார்த்த பிறகுதான் கொண்டுவந்த ஆளைப் போகவிடுவார். கோயிலில் பூசை நேரத்தில்கூடக் கண்ணை மூடி ஜெபிக்க மாட்டார். செருப்பு வெளியே கிடக்கிறதே! "இந்த மனுசன் மோட்சத்துக்குப் போனாலும் வாசல்ல சாவியோட நிக்கிற ராயப்பருகிட்ட, சாவி ஒரிஜினலான்னு கேப்பாரு" என்பாள் அவர் மனைவி இன்னாசிமேரி.

அப்பேர்ப்பட்டவருக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஏலாக்குறிச்சியிலிருந்து போன் வந்தது. அவருடைய அண்ணன் ஜோசப் வாத்தியாரின் மகள் ஷைனி. அண்ணன் தம்பிக்குள் ஒன்பது வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது.

"சித்தப்பா, அப்பாவுக்குக் கண்ணு போயிட்டிருக்கு. கண்ணுல பிரஷராம். ஒரு கண்ணு முன்னமே போச்சு. இன்னொண்ணும் ஒரு மாசம் தாங்குனா பெருசுன்னு திருச்சி டாக்டர் சொல்லிட்டாரு" என்றாள் ஷைனி. குரல் உடைந்திருந்தது. "சின்னதுல நான் மொத மொத நற்கருணை வாங்குன அன்னைக்கு, என் புதுநன்மைக்கு நீங்க வீடியோ எடுத்தீங்கல்ல, அதுல அம்மா பாடுமே. அதை ஒரு தடவை பாத்துடணும்னு அப்பா ஆசப்படறாரு. கொஞ்சம் அனுப்பி வைங்க சித்தப்பா."

ஷைனியின் அம்மா சகாயமேரி செத்து நாலு வருஷம் ஆகிறது. போட்டோக்கள் இருக்கின்றன. ஆனால் அவள் நடந்து, சிரித்து, பாடுவது உலகத்திலேயே அந்த ஒரு வீடியோவில்தான் இருக்கிறது. இரண்டாயிரத்து ஐந்தில் இன்னாசிமேரியின் தம்பி குவைத்திலிருந்து கொண்டுவந்த கேமராவில் செல்வநாதன் எடுத்தது. பிற்பாடு கேசட்டில் பூஞ்சை பிடிக்க ஆரம்பித்தபோது கடையில் கொடுத்துக் கம்ப்யூட்டருக்கு மாற்றினார். மாற்றி முடிகிற வரைக்கும் கடைக்காரன் தோளுக்குப் பின்னாலேயே நின்று, அவன் கம்ப்யூட்டரிலிருந்து அழிக்க வைத்துவிட்டுத்தான் வந்தார். இப்போது அது அவர் வீட்டுக் கம்ப்யூட்டரில் மட்டும் இருக்கிறது.

கேட்டதும் மனசு இளகத்தான் செய்தது. ஒரு நிமிஷம் இளகியது. அடுத்த நிமிஷம் உள்ளே இருந்த செக்கிங் இன்ஸ்பெக்டர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். சோழியன் குடுமி சும்மா ஆடுமா? ஒன்பது வருஷம் கேட்காத வீடியோவை இப்போது ஏன் கேட்கிறார்கள்?

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அவர் சந்தேகப்பட்டதற்குக் காரணம் இருந்தது. அந்தக் காரணம் அவர் மடியில்தான் இருந்தது. மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம்? அவர்களுடைய அப்பா எதையும் எழுதி வைக்காமல் செத்துப்போனார். பங்கு பிரிக்கும்போது கேணியை ஒட்டிய முந்திரிக்காட்டை அப்பா தனக்குத்தான் தருவதாக வாயால் சொன்னார் என்று செல்வநாதன் சாதித்தார். ஜோசப் சண்டை போடவில்லை. "உனக்கு வேணும்னா வச்சுக்க" என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டு ஏலாக்குறிச்சிக்குக் குடிபோனவர்தான், அப்புறம் பேசவே இல்லை. ஆனால் அந்த வீடியோவில், முந்திரி மரத்தடியில் சகாயமேரி மாதா பாட்டுப் பாடிக்கொண்டிருக்கும்போது, பக்கத்து நாற்காலியில் பிரியாணி தின்ற களைப்போடு சாய்ந்திருக்கும் அப்பா யாரிடமோ சத்தமாகச் சொல்கிறார்: "கேணிக்காடு ஜோசப்புக்கு. சின்னவனுக்கு ரோட்டோரத்துக் காடு." கணீரென்று கேட்கும்.

இது தனக்கு மட்டும்தான் தெரியும் என்று செல்வநாதன் நினைத்துக்கொண்டிருந்தார். இப்போது அவர்களுக்கும் தெரிந்துவிட்டதோ? யாராவது வக்கீல் சொல்லிக் கொடுத்து, கண் என்று ஒரு கதை கட்டி, சாட்சியைக் கறக்கப் பார்க்கிறார்களோ?

"வாட்ஸ்அப்புல அனுப்பிடுங்க சித்தப்பா" என்றாள் ஷைனி.

"அதெல்லாம் ஊரு பூரா சுத்தும்மா. வேணாம்."

"அப்ப ஒரு பென்டிரைவ்ல போட்டுக் குடுங்க. எங்கிட்ட லேப்டாப் இருக்கு."

"உங்க வீட்டுல டிவிடி பிளேயர் இருக்குல்ல? டிவிடியாப் போட்டுத் தரேன்" என்று போனை வைத்தார். டிவிடி என்றால் ஒன்றே ஒன்றுதான் இருக்கும், நினைத்த மாத்திரத்தில் நூறு பேருக்குத் தட்டிவிட முடியாது என்பது அவர் கணக்கு.

மஸ்கட்டில் வேலை பார்க்கும் மகன் லியோ பிரபு விட்டுவிட்டுப் போன கம்ப்யூட்டரின் முன்னால் உட்கார்ந்தார். வெட்டி ஒட்டுகிற வித்தையை மகன் எப்போதோ சொல்லிக் கொடுத்திருந்தான். அப்பா பேசுகிற மூன்று நிமிஷத்தைக் கத்தரித்தார். சகாயமேரியின் பாட்டும் அதோடு சேர்ந்து போயிற்று. "அண்ணி பந்தி பரிமாறுறது இருக்குல்ல, அது போதும்" என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். பாட்டைத்தான் கேட்டார்கள் என்பது அவருக்குத் தெரியாதா என்ன? தெரியும். நன்றாகத் தெரியும்.

மிச்சத்தை அப்படியே டிஸ்க்கில் ஏற்றி, ஜெயங்கொண்டத்திலிருந்து அரியலூர் போகும் பஸ்ஸில் தெரிந்த கண்டக்டரிடம் கொடுத்துவிட்டார். ஷைனி அரியலூர் பஸ் ஸ்டாண்டில் போய் வாங்கிக்கொண்டாள். அன்று சாயங்காலமே போன்.

"சித்தப்பா, ஓடலையே. டிவில 'டிஸ்க் எரர்'னு வருது."

"என் கம்ப்யூட்டர்ல நல்லா ஓடுச்சேம்மா."

"இங்க வரல சித்தப்பா. அப்பா டிவிகிட்ட ஸ்டூலைப் போட்டு உக்காந்துட்டாரு. அரை மணி நேரமா எழுந்திருக்கவே இல்ல."

போனை வைத்ததும் அவர் மூளை ஓட ஆரம்பித்தது. ஓடியிருக்கும். பார்த்திருப்பார்கள். பாட்டு இல்லை என்றதும், முழுசாக வாங்குவதற்கு இது ஒரு தந்திரம். இல்லையென்றால் கண்டக்டர் மாற்றி வேறு டிஸ்க்கைக் கொடுத்துவிட்டானா? கண்டக்டர்களைப் பற்றி அவருக்கா தெரியாது!

மறுநாள் ஆண்டிமடத்தில் ஸ்டுடியோவும் ஜெராக்ஸும் சேர்த்து நடத்தும் அழகேசனிடம் போனார். அழகேசன் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"சார், பைலை அப்படியே தூக்கிப் போட்டா பழைய பிளேயருக்குப் புரியாது. டிவிடி வீடியோன்னு தனியா மாத்திப் போடணும். ஸ்பீடையும் கொறச்சு வையுங்க. பைலைக் கொண்டாங்க, அஞ்சு நிமிஷத்துல நானே போட்டுத் தரேன்."

"எப்படிப் போடறதுன்னு எழுதிக் குடுங்க, போதும்."

"ஏன் சார், நான் என்னா திருடிக்கவா போறேன்?"

"எழுதிக் குடுங்க" என்றார் செல்வநாதன்.

எழுதிக் கொடுத்ததை வைத்து இரண்டாவது டிஸ்க்கைப் போட்டார். ஒவ்வொரு படியாகப் படித்துப் படித்து, மெதுவான ஸ்பீடில், மின்விசிறியைக்கூட நிறுத்திவிட்டுப் போட்டார். வீட்டுக் கம்ப்யூட்டரில் முழுசாக ஓட்டியும் பார்த்தார். பழுதில்லை. உறையில் போட்டு, ஒட்டி, ஒட்டின இடத்தில் குறுக்கே கையெழுத்தும் போட்டு அனுப்பினார். பரீட்சைப் பேப்பர்கூட அவ்வளவு பத்திரமாகப் போகாது.

இதற்குள் ஒரு வாரம் ஓடிப்போயிருந்தது. ஷைனியிடமிருந்து மறுபடியும் போன்.

"இதுவும் வரல சித்தப்பா. 'நோ டிஸ்க்'குங்குது. வெத்து டிஸ்க்கு மாதிரி." "அப்பா ஒண்ணும் சொல்லல. அவன் வேணும்னு செய்ய மாட்டான், மிசின்ல ஏதோ கோளாறு இருக்கும்னாரு. காலைல காப்பி டம்ளரைத் தடவித் தடவி எடுத்தாரு சித்தப்பா. நாள் இல்ல."

டிஸ்க்கைத் திருப்பி அனுப்பச் சொன்னார் செல்வநாதன். வந்ததும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பளபளக்கிற பக்கத்தில் நடுவாக்கில் எண்ணெய்க் கறை. விரலால் தேய்த்த மாதிரி, நீளமாக ஒன்று, குறுக்காக ஒன்று.

"பாத்தியா! பாத்தியா!" என்று வீடே அதிரக் கத்தினார். "எண்ணெயைத் தடவி நாசமாக்கிட்டு ஓடலைங்கறாங்க. என்னைய யாருன்னு நெனச்சாங்க? எத்தனை போலி பாஸைப் பாத்தவன் நான்!"

அடுக்களையிலிருந்து இன்னாசிமேரி கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். டிஸ்க்கைப் பார்த்தாள். முகம் சுண்டிப்போயிற்று.

"ஏங்க, அது அவங்க இல்ல. நான்தான்."

"என்னாது?"

"நீங்க உறையில போடறதுக்கு முன்னாடி, கோயில்ல மந்திரிச்ச எண்ணெயத் தொட்டு ஒரு சிலுவை போட்டேன். இந்தத் தடவையாவது ஓடட்டும், அவரு கண்ணுல படட்டும்னு. மேல எழுத்து இருந்துச்சா, அது அழியக்கூடாதுன்னு அடிப்பக்கமாப் போட்டேன்."

செல்வநாதன் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பெண்டாட்டியைத் திட்டுவதா, மாதாவைத் திட்டுவதா? மெல்லிய துணியில் துளி சோப்புத் தண்ணீர் தொட்டுத் துடைத்து, பக்கத்து வீட்டு பிளேயரில் போட்டுப் பார்த்தார். அங்கேயும் "நோ டிஸ்க்". தன் கம்ப்யூட்டரில் போட்டார். ஜம்மென்று ஓடியது. எண்ணெய் மேல் பழி போடவும் வழியில்லாமல் போயிற்று.

இன்னொரு ஆளாக இருந்தால் அன்றைக்கே கடைக்கு ஓடியிருப்பான். இவர் ஏலாக்குறிச்சிக்கு பஸ் ஏறினார். சொல்லாமல் போய்ப் பிடித்தால்தான் செக்கிங். முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போனால் எல்லோர் கையிலும் டிக்கெட் இருக்கும். கண் தெரியவில்லை என்பது நிஜமா பொய்யா என்பதைத் தன் கண்ணால் பார்த்துவிட வேண்டும்.

ஜோசப் வீட்டுக்கு எதிரே ஒரு டீக்கடை. துண்டை முக்காடாகப் போட்டுக்கொண்டு மூலை பெஞ்சில் உட்கார்ந்தார். பத்து மணி வாக்கில் ஜோசப் வெளியே வந்தார். இளைத்திருந்தார். வாசலில் நின்று நேராக டீக்கடையைப் பார்த்தார். செல்வநாதன் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டார். பார்த்தும் பார்க்காத மாதிரி நிற்கிறாரே, கொழுப்பா? ஒன்பது வருஷத்துக் கோபம் இன்னும் இறங்கவில்லையா?

ஜோசப் கையில் நனைந்த துண்டு இருந்தது. கொடிக்கயிறு வலது பக்கம் இருந்தது. அவர் இடது பக்கம் கையை நீட்டித் துண்டை விரித்துப் போட்டார். துண்டு மண்ணில் விழுந்தது. குனிந்து, தடவி, எடுத்து உதறி மறுபடியும் போட்டார். மறுபடியும் விழுந்தது. மூன்றாவது தடவை துண்டை மார்போடு பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் காற்றைத் துழாவித் துழாவிக் கயிற்றைத் தேடினார். கயிறு ஒரு முழம் தள்ளி இருந்தது. கடையில் யாரும் அதைப் பார்க்கவில்லை. யாருக்காக நடிப்பது?

செல்வநாதன் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டார். ஓடிப்போய்க் கையைப் பிடித்துக் கயிற்றில் வைத்திருக்கலாம். நாலே எட்டு. வெறும் கையோடு எப்படிப் போவது, என்னவென்று சொல்லிப் போவது என்று வெட்கம் பிடுங்கித் தின்றது. முக்காட்டை இன்னும் இழுத்துவிட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டைப் பார்க்க நடந்தார். வழியெல்லாம் அவருக்குத் தன் மேலேயே ஆத்திரம் வந்தது. வெட்டியதை ஒட்டிவிட வேண்டும் என்று பஸ்ஸிலேயே முடிவு செய்துவிட்டார். காடு போனால் போகட்டும்.

வீட்டுக்கு வந்து, வெட்டின மூன்று நிமிஷத்தையும் பழைய இடத்தில் சேர்த்து முடிப்பதற்குள் இரண்டு நாள் போயிற்று. விடிந்ததும் கம்ப்யூட்டரின் பெட்டியையே பழைய போர்வையில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் ஆண்டிமடம் போனார். அழகேசன் கண்ணை அகல விரித்தார்.

"என்னா சார் இது, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு வந்த மாதிரி?"

"என் எதிர்லயே பாருங்க. எங்க தப்புன்னு சொல்லுங்க."

அழகேசன் பெட்டியை மாட்டி, "நீங்க எப்படிப் போட்டீங்களோ அப்படியே போட்டுக் காட்டுங்க" என்றார். செல்வநாதன் ஒவ்வொன்றாகச் செய்தார். கடைசியில் ஒரு கட்டத்தில் இருந்த டிக்கை எடுத்துவிட்டார். அழகேசன் அவர் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"ஏன் சார் அந்த டிக்கை எடுத்தீங்க?"

"மூடிட்டா அப்புறம் மாத்தவே முடியாதுன்னு போட்டிருக்கே. நாளைக்கு ஏதாச்சும் எடுக்கணும், சேக்கணும்னா? ஆழம் தெரியாம காலை விட முடியுமா?"

"அய்யோ சார்! டிஸ்க்கை மூடினாத்தான் அடுத்தவங்க பிளேயரு படிக்கும். மூடாம விட்டா, எழுதின உங்க கம்ப்யூட்டருக்கு மட்டும்தான் தெரியும். மத்ததுக்கெல்லாம் வெத்துத் தட்டு. இந்த டிக்கை எடுக்கச் சொல்லி நான் எழுதிக் குடுக்கலையே. உங்களை யாரு எடுக்கச் சொன்னது?"

யார் சொன்னது? செல்வநாதன் மவுஸிலிருந்து கையை எடுத்தார். கண்டக்டரைச் சந்தேகப்பட்டார், அண்ணனைச் சந்தேகப்பட்டார், பெற்ற மகள் மாதிரி இருக்கிறவளைச் சந்தேகப்பட்டார், எண்ணெயைச் சந்தேகப்பட்டார். தன் ஆள்காட்டி விரலை மட்டும் சந்தேகப்படவில்லை. "நீங்களே போடுங்க தம்பி" என்று நாற்காலியை விட்டு எழுந்துபோய் வாசலில் நின்றுகொண்டார். இந்தத் தடவை தோளுக்குப் பின்னால் நிற்கவில்லை. டிஸ்க் முடிந்ததும் அழகேசன் கடையிலிருந்த பழைய பிளேயரில் போட்டுக் காட்டினார். ஓடியது. அது சனிக்கிழமை.

பெட்டியை வீட்டில் இறக்கிவிட்டு, மறுநாள் பூசை முடிந்த கையோடு இன்னாசிமேரியைக் கூட்டிக்கொண்டு ஏலாக்குறிச்சிக்குக் கிளம்பினார். பஸ்ஸில் அனுப்ப மனசு வரவில்லை. ஷைனி கதவைத் திறந்தாள். சித்தப்பாவைப் பார்த்தாள், கையிலிருந்த டிஸ்க்கைப் பார்த்தாள்.

"வியாழக்கிழமையோட போச்சு சித்தப்பா" என்றாள். "வெளிச்சம் இருக்கா இல்லையான்னு மட்டும்தான் தெரியுது."

வியாழக்கிழமை. அவர் டீக்கடையில் முக்காடு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது புதன்கிழமை. முதல் டிஸ்க் போய்ப் பதினெட்டு நாள். அட பாவி மனுஷா, ஒரு பென்டிரைவ் கொடுத்திருந்தால் அன்றைக்கே பார்த்திருப்பாரே! இதை யாரும் அவரிடம் சொல்லவில்லை. அவரே சொல்லிக்கொண்டு, இருமியபடி சுவரில் சாய்ந்தார்.

"யாரு, செல்வமா?" உள்ளே இருந்து ஜோசப்பின் குரல். "இருமல்லயே தெரியுதுடா. உள்ள வா. கொண்டாந்திருக்கியா?"

"கொண்டாந்திருக்கேன்ணே. ஆனா..."

"போடு."

ஷைனி டிஸ்க்கைப் போட்டாள். ஜோசப் டிவியை ஒட்டிய ஸ்டூலில் போய் உட்கார்ந்தார். பழக்கம். கோயில் மணி, பிள்ளைகள் கூச்சல், பந்தியில் இலை போடுகிற சத்தம். அப்புறம் பாட்டு. சகாயமேரியின் குரல், கொஞ்சம் கரகரப்பாக, இரண்டாவது அடியில் மூச்சு வாங்கிக்கொண்டு. ஜோசப்பின் உதடு கூடவே அசைந்தது. செல்வநாதன் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார். அப்பாவின் குரல் வந்தது: "கேணிக்காடு ஜோசப்புக்கு. சின்னவனுக்கு ரோட்டோரத்துக் காடு."

இன்னாசிமேரி புருஷனைப் பார்த்தாள். அவளுக்கே இது புதுசு.

"அண்ணே" என்றார் செல்வநாதன். "அந்தக் காடு..."

ஜோசப் எரிச்சலோடு கையை ஆட்டினார். "அப்பா எப்பவும் இப்படித்தான், யாராச்சும் பாடுறப்பதான் பேசுவாரு. அன்னைக்கும் நான் பக்கத்துல உக்காந்துக்கிட்டு, சும்மா இருங்கப்பான்னு சொன்னேன். கேக்கல. ஏன்டா, அவரு பேச்சை எடுத்துட்டு அவ பாட்டை மட்டும் வைக்க முடியாதா?"

அண்ணனுக்கு அன்றைக்கே தெரியும். தெரிந்தும் ஒன்பது வருஷமாகக் கேட்கவில்லை.

"முடியாதுண்ணே. ரெண்டும் ஒண்ணாக் கெடக்கு."

"சரி விடு. மறுபடியும் முதல்லேருந்து போடச் சொல்லு. நீ இப்படிக் கிட்ட வந்து உக்காரு." ஜோசப் கையை நீட்டித் தம்பியின் தோளைத் தேடிப் பிடித்து இழுத்தார். "என்னா சேலை கட்டியிருக்கா, எங்க நிக்கிறா, யாரைப் பாக்குறா, எல்லாத்தையும் பாத்துச் சொல்லு. ஷைனி அழுதுக்கிட்டே சொல்லும், ஒண்ணும் வெளங்காது. நீ சொல்லு. செக்கிங் ஆபீசர் சொன்னா தப்பா இருக்காது."

ஷைனி பாட்டை மறுபடியும் ஆரம்பத்துக்குக் கொண்டுவந்தாள். செல்வநாதன் கண்ணைத் துண்டால் துடைத்துவிட்டுத் திரையைப் பார்த்தார்.

"பச்சைச் சேலைண்ணே. அரக்கு பார்டரு. மரத்துல ஒரு கைய வச்சிருக்கு. உன்னையத்தாண்ணே பாக்குது."